இரண்டாவது கப்பி

ஓய்வு பெற்ற உத்தியோகத்தர் என்று என்னைச் சொல்லிக்கொள்ள எனக்கே கூச்சமாக இருக்கிறது. வயது முப்பத்தைந்து ஆகவில்லை. மடியில் ஒரு வயதுக் குழந்தை. பட்டினசபைகளையும் கிராமசபைகளையும் கலைத்து வேறு ஒழுங்கு கொண்டுவந்தபோது எங்கள் சபைக் கந்தோர் ஓர் உபகந்தோராகியது. இனி எந்தத் தீவுக்கும் இடமாற்றம் வரலாம் என்றார்கள். கைக்குழந்தையோடு வள்ளமும் பஸ்ஸும் மாறிப் போய்வர என்னால் முடியாது என்று பயந்து, பன்னிரண்டு வருடச் சேவையோடு விலகிக்கொண்டேன். அது சரியான முடிவுதானா என்று இப்போதும் சோறு வடிக்கும்போது யோசிக்கிறேன்.

போன மாதம், இப்போது கந்தோரில் என் பழைய மேசையில் வேலை செய்யும் பெண் வீட்டுக்கு வந்தாள். ஏதோ ஓர் ஒழுங்கைத் தெருவின் எல்லை பற்றி விளக்கம் கேட்பதற்காகப் பழைய கூட்டறிக்கைப் புத்தகம் ஒன்றையும் கொண்டுவந்திருந்தாள். ஒழுங்கை விஷயம் முடிந்ததும் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே சொன்னாள்:

“அக்கா, உங்கட எழுத்து முத்து முத்தா இருக்கு. ஆனா எந்தப் பக்கத்தைப் பிரட்டினாலும் ‘ஒத்திவைக்கப்பட்டது’, ‘ஒத்திவைக்கப்பட்டது’ எண்டுதான் கிடக்கு. உங்கட சபை வேற ஒண்டும் செய்யேல்லையோ?”

இருவரும் சிரித்தோம். அவள் போன பிறகு எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தப் புத்தகத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. அதில் உள்ள எழுத்தும் முத்து முத்தானதுதான். அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அதற்கு முன் எங்கள் சபை எப்படி நடந்தது என்று கொஞ்சம் சொல்லவேண்டும்.

நான் தற்காலிக இலிகிதராகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டு மாதம் கடிதங்களுக்கு இலக்கமிட்டேன். மூன்றாம் மாதம் காரியதரிசி ஐயா ஒரு பென்சிலைக் கூர்செய்து என் கையில் தந்து, கூட்டத்தில் தமக்குப் பின்னால் ஒரு கதிரையில் இருக்கச் சொன்னார். அவ்வளவுதான்.

காரியதரிசி ஐயா மெலிந்த மனிதர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனை. யாரையும் அதட்டமாட்டார். பிழை கண்டால் அந்தச் சொல்லின் கீழே மெல்லிய கோடு ஒன்றை இழுத்துவிட்டுத் தாளைத் திருப்பித் தருவார். நாம் கண்டுபிடிக்கும்வரை அடுத்த தாளைப் பார்த்துக்கொண்டிருப்பார். கூட்டறிக்கையை முதலில் பென்சிலால் எழுதவேண்டும். அவர் திருத்தியபின் மையால் எழுதவேண்டும். அடுத்த மாதக் கூட்டத்தில் அதை உரத்து வாசிக்கவேண்டும். யாரும் மறுக்காவிட்டால் அக்கிராசனர் அடியில் ஒப்பமிடுவார். அந்த ஒப்பம் விழும்வரை விளம்பரப் பலகையில் எதையும் ஒட்டக்கூடாது, வெளியாருக்கு எதையும் சொல்லவும் கூடாது.

“ஒப்பம் விழுகிற வரைக்கும் அது தீர்மானமில்லை, பிள்ளை. ஆக்கள் கதைச்ச கதை” என்பார்.

கூட்டம் மாதத்தின் முதற் சனிக்கிழமை காலையில் நடக்கும். அக்கிராசனரோடு ஏழு அங்கத்தவர்கள். சந்தையில் மீன் வெட்டும் மேடைக்குச் சீமெந்து, கிழக்கு ஒழுங்கைக்கு மண், விளக்குக் கம்பம் சாய்ந்தது, கட்டாக்காலி மாடு, இவைதான் அலுவல். ஒருமுறை இரண்டாம் வட்டார அங்கத்தவரின் காளையையே சபை பிடித்துப் பட்டியில் அடைத்துவிட்டது. அவர் ஒரு மணித்தியாலம் கத்தினார். “என்ர நாம்பன் றோட்டிலை நிக்கேல்லை, றோட்டைக் கடந்து போனது. கடக்கிறதுக்கும் சட்டமோ?” என்றார். ஆறாம் வட்டாரக்காரர், சந்தையில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தவர், “அண்ணை, உங்கட நாம்பன் மூண்டு நாளா அந்த ஒரே றோட்டைத்தான் கடந்துகொண்டு நிண்டது” என்றார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் அவ்வளவையும் பென்சிலால் எழுதிக் கொடுத்தேன். ஐயா நான்கு பக்கத்தின் கீழும் கோடு இழுத்துவிட்டு ஒரு வரி எழுதினார்: ‘கட்டாக்காலி மாடுகள் பற்றி உரையாடப்பட்டது.’

அக்கிராசனர் நல்ல மனிதர் என்றுதான் ஊரில் பெயர். யாருக்கும் இல்லை என்று சொல்லியதில்லை. எதற்கும் “பாப்பம்” என்பார். அவர் “பாப்பம்” என்றால் நான் ‘ஒத்திவைக்கப்பட்டது’ என்று எழுதவேண்டும் என்பது சேர்ந்த வருடத்திலேயே பழகிவிட்டது.

பவளம் முதல்முறை கந்தோருக்கு வந்தபோது என் மூத்தவனுக்கு நான்கு மாதம். பிரசவ விடுமுறை முடிந்து நான் வேலைக்குத் திரும்பியிருந்தேன். என் கணவர் கொழும்பில் வேலை. மாமிதான் பிள்ளையைப் பார்த்தார். மத்தியானம் ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு ஓடிவருவேன். பவளத்தின் இடுப்பிலும் ஏறக்குறைய அதே வயதில் ஒரு பெண் குழந்தை இருந்தது. என் மகனைவிட மிகவும் மெலிவு. நான் முதலில் பார்த்தது அதன் கணுக்கால்களைத்தான்.

அவள் பனங்கூடல் குடியிருப்பைச் சேர்ந்தவள். சந்தைக்குப் பின்னால் சபைக்குச் சொந்தமான நல்லதண்ணிக் கிணறு ஒன்று இருந்தது. எங்கள் பக்கத்தில் மற்றக் கிணறுகள் பலவும் உவர். ஊரார் அந்தக் கிணற்றில் கப்பியிலே வாளி விட்டு அள்ளுவார்கள். பனங்கூடல் ஆட்கள் மட்டும் கட்டுக்கு அப்பால் குடத்தை வைத்துவிட்டு நிற்கவேண்டும். மனம் வந்தவர்கள் அள்ளி ஊற்றுவார்கள். காரணம் சாதி. பொதுக்கிணறு எல்லாருக்கும் பொது என்று சட்டம் வந்து எத்தனையோ வருடமாகியிருந்தது. சபையில் அந்தச் சட்டத்தின் பிரதி அலுமாரியில் இருந்தது. அதற்கு நான்தான் இலக்கமிட்டேன்.

பவளம் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். மனுவைக் கொப்பித்தாளில் தன் கையாலேயே எழுதியிருந்தாள். அதில் சாதி என்ற சொல்லே இல்லை. கிணற்றில் ஒரே ஒரு கப்பி இருப்பதால் காலையில் நெரிசலாக இருக்கிறது, தயவுசெய்து இரண்டாவது கப்பி ஒன்று போட்டுத் தரவேண்டும், தங்கள் குடியிருப்பார் அதில் மட்டும் அள்ளுவார்கள், மற்றக் கயிற்றைத் தொடமாட்டார்கள் என்று எழுதியிருந்தது.

“பிள்ளைக்கு வயித்தாலை போறது நிக்குதில்லை, கிளாக்கரம்மா” என்றாள். “டாக்குத்தர் நல்ல தண்ணியைக் கொதிக்கவைச்சுக் குடு எண்டவர். நான் காலமை ஆறு மணிக்குப் போய் நிண்டா, சில நாள் ஒன்பது மணிக்குத்தான் ஆரும் ஊத்துவினம். சில நாள் ஊத்தவே மாட்டினம். பிறகு குளத்துத் தண்ணிதான்.”

நான் மனுவை வாங்கித் திகதி முத்திரை குத்தினேன். “சபைக்குப் போடுறன்” என்றேன்.

சபையிலும் யாரும் சாதி என்று சொல்லவில்லை. அதுதான் எங்கள் சபையின் திறமை. முதல் மாதம், கிணற்றுக் கட்டு இன்னொரு கப்பியைத் தாங்குமா என்று ஓவசியரிடம் அறிக்கை கேட்டார்கள். அடுத்த மாதம் தாங்கும் என்று அறிக்கை வந்தது. இரண்டு கயிறும் சிக்குப்படாதா என்று இரண்டாம் வட்டாரக்காரர் கேட்டார். படம் வரைந்து தரும்படி ஓவசியருக்கு எழுதினோம். மூன்றாம் மாதம் படம் வந்தது. “கப்பிக்கு இரும்போ மரமோ நல்லது?” என்று ஒருவர் தொடங்கினார். அக்கிராசனர் “பாப்பம்” என்றார்.

ஒவ்வொரு கூட்டத்துக்குப் பிறகும் வந்த செவ்வாய்க்கிழமை பவளம் ஜன்னலுக்கு வருவாள். ஒவ்வொரு முறையும் நான் “ஒத்திவைச்சிருக்கு” என்பேன். அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு போவாள். வீட்டுக்குப் போய் என் மகனுக்குப் பால் கொடுக்கும்போது அவனுடைய தடித்த தொடையைப் பார்க்க எனக்குக் குற்றமாக இருக்கும். நான் செய்த குற்றம் என்ன, நான் இலிகிதர்தானே என்று என்னையே கேட்டுக்கொள்வேன்.

நான்காம் மாதம் ஆறாம் வட்டாரக்காரர் எழும்பினார்.

“அக்கிராசனர் அவர்களே, நாலு மாதமா ஒரு கப்பியைப் பற்றிக் கதைக்கிறம். கப்பி சுத்திற வேகத்திலையாவது சபை சுத்தக்கூடாதோ? நான் பிரேரிக்கிறன். கையைத் தூக்குங்கோ, இல்லாட்டித் தூக்காதையுங்கோ.”

இன்னொருவர் ஆமோதித்தார். கைகளை எண்ணினோம். நாலு பேர் ஆதரவு, மூன்று பேர் எதிர்ப்பு. தூக்கிய நாலு கைகளில் ஒன்று அக்கிராசனருடையது. அது எனக்கு இன்றைக்கும் விளங்காத ஒன்று. இரண்டாம் வட்டாரக்காரர் தமது குடையை எடுத்துக்கொண்டு எழும்பிப் போனார். ‘மேலதிகக் கப்பி ஒன்று பொருத்துவதெனத் தீர்மானிக்கப்பட்டது’ என்று அழுத்தி எழுதினேன். பென்சில் முனை உடைந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை மத்தியானம். எனக்கு மார்பு கட்டி, சட்டை நனையத் தொடங்கியிருந்தது. வீட்டுக்கு ஓடப் புறப்பட்டு நின்றேன். ஜன்னலில் பவளம். குழந்தை அவள் தோளில் தலை சாய்த்துக் கிடந்தது.

“என்ன முடிவு, கிளாக்கரம்மா?”

நான் சொல்லியிருக்கவேண்டியது என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். ‘அடுத்த கூட்டத்தில் உறுதியான பிறகு அறிவிக்கப்படும்.’ ஐந்து வருடமாக எத்தனை பேருக்கு அப்படிச் சொல்லியிருக்கிறேன்!

“பாஸ் பண்ணியாச்சு” என்றேன். எனக்குச் சிரிப்பு வந்தது.

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். “அப்ப நாங்கள் அள்ளலாமோ?”

“ஓம்.”

கப்பி போட்ட பிறகு என்று சொன்னேனா? சொன்னேன் என்றுதான் நெடுங்காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை என்று இப்போது நினைக்கிறேன். பிள்ளை அழுதுகொண்டிருக்கும் என்ற அந்தர அவசரத்தில், ‘ஓம்’ என்ற ஒரு சொல்லோடு படி இறங்கி ஓடினேன்.

மறுநாட் காலை பவளம் சொந்த வாளியும் சொந்தக் கயிறும் கொண்டுபோய்க் கிணற்றில் விட்டாள். சபையின் கப்பியை அவள் தொடவில்லை. கிணற்றுக் கட்டின்மேல் சாய்ந்து, கையாலேயே இழுத்து, ஒரு குடம் நிரப்பினாளாம். இரண்டாவது குடம் பாதியாக இருக்கும்போது ஆட்கள் வந்துவிட்டார்கள். “ஆர் உனக்கு அனுமதி தந்தது?” என்று கேட்டிருக்கிறார்கள். “சபை தந்தது” என்றிருக்கிறாள். கயிற்றை வெட்டி, இரண்டு குடத்தையும் உடைத்து, அவளையும் தள்ளிவிட்டார்கள். அடுத்த நாள் விடிந்தபோது கிணற்றுத் தண்ணீரில் கறுப்பாக ஒயில் மிதந்தது. படகு என்ஜினில் இருந்து எடுத்த கழிவு ஒயில். யார் ஊற்றியது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது. சுகாதாரப் பரிசோதகர் வந்து கிணற்றைப் பலகையால் மூடச் செய்தார்.

காரியதரிசி ஐயா என்னைத் தம்முடைய அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். அவர் கதவைச் சாத்தியதை அதற்கு முன் நான் கண்டதில்லை.

“பிள்ளை, அந்த மனுசிக்கு ஆர் சொன்னது?”

நான் வாயைத் திறந்தேன். அவர் கையை உயர்த்தினார்.

“நில்லும். முதல் நான் சொல்லுறதைக் கேளும். நீர் இன்னும் தற்காலிகம்தான். நிரந்தரமாக்கிற கடிதம் வாற கூட்டத்துக்கு வருது. குழந்தைக்கு இப்ப எத்தினை மாதம்?”

“எட்டு, ஐயா.”

“ம்.” பேனையைத் திறந்து மூடினார். “விளம்பரப் பலகையிலை ஒண்டும் ஒட்டேல்லை. கடிதம் ஒண்டும் அனுப்பேல்லை. அப்ப, சபை ஒருத்தருக்கும் ஒண்டும் அறிவிக்கேல்லை. சரிதானே?”

அவர் கேட்டது வேறு கேள்வி. அதற்குச் சரியான பதில் “சரி” என்பதுதான். நான் “சரி, ஐயா” என்றேன். அவர் என்னைக் காப்பாற்றுகிறார் என்று விளங்கியது. யாரைக் கைவிட்டு என்னைக் காப்பாற்றுகிறார் என்பது வெளியே வந்து என் கதிரையில் இருந்த பிறகுதான் விளங்கியது.

அடுத்த கூட்டம் முதற் சனிக்கிழமை. விறாந்தையில் பொதுமக்களுக்கு ஒரு நீள வாங்கு உண்டு. வழக்கமாக அதில் யாரும் இருப்பதில்லை. அன்று பவளம் வந்திருந்தாள். வாங்கில் இருக்கவில்லை. தூணோடு நின்றாள். குழந்தை இடுப்பில் தூங்கியது.

நான் எழுந்து போன கூட்டத்தின் அறிக்கையை வாசித்தேன். கப்பி வரி வந்ததும் இரண்டாம் வட்டாரக்காரர் மறுத்தார்.

“அது தீர்மானமாகேல்லை. யோசிப்பம் எண்டுதான் முடிஞ்சது. அதுக்கிடையிலை ஆரோ தாங்களே சட்டத்தைக் கையிலை எடுத்து, ஊர்க்கிணத்தையும் பாழாக்கிப்போட்டினம்.”

“ஒயிலை ஊத்தினதும் அவவோ?” என்றார் ஆறாம் வட்டாரத்துச் சைக்கிள் கடைக்காரர். “அவ சும்மா வந்து அள்ளேல்லை. ‘சபை தந்தது’ எண்டு சொல்லியிருக்கிறா. ஆரோ கந்தோரிலை சொல்லித்தான் வந்திருக்கிறா. கிளாக்கரைக் கேளுங்கோ!”

அக்கிராசனர் என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் கோபம் இல்லை. வருத்தம்தான் இருந்தது.

“என்ன பிள்ளை? கந்தோரிலை ஆரும் அந்த மனுசிக்கு ஏதும் சொன்னதோ?”

என் கையில் அறிக்கைப் புத்தகம் விரிந்திருந்தது. ஐயா தமக்கு முன்னால் இருந்த நிகழ்ச்சிநிரல் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஐந்தாவது விடயம் என்னை நிரந்தரமாக்குவது. அதைத் தட்டச்சுச் செய்தவளும் நான்தான். நிமிர்ந்தபோது ஜன்னலுக்கு வெளியே பவளத்தின் முகம் தெரிந்தது. அவள் கோபமாகப் பார்க்கவில்லை. நான் சொல்லிவிடுவேன் என்று நம்பிப் பார்த்தாள்.

“இல்லை, ஐயா” என்றேன்.

அதன்பிறகு எல்லாம் விரைவாக முடிந்தது. அறிக்கையைத் திருத்தி உறுதிப்படுத்தினார்கள். அந்தத் திருத்தத்தை நானே மையால் எழுதினேன்: ‘சபையின் அனுமதியின்றி ஒருவர் நீர் அள்ளியமையால் ஏற்பட்ட குழப்பத்தைக் கருத்திற்கொண்டு, கிணறு துப்புரவாக்கப்படும்வரை மேலதிகக் கப்பி விடயம் ஒத்திவைக்கப்பட்டது.’ ஐயா எந்தச் சொல்லுக்குக் கீழும் கோடு இழுக்கவில்லை. அக்கிராசனர் ஒப்பமிட்டார். ஐந்தாவது விடயம் ஏகமனதாக நிறைவேறியது. சைக்கிள் கடைக்காரரும் கை தூக்கினார். நான் விறாந்தைக்கு வந்தபோது தூணடியில் யாரும் இல்லை.

அன்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று பல விதமாக எண்ணிப் பார்த்திருக்கிறேன். என் வேலை போயிருக்கும். கிணறு திறந்திருக்காது. அது உண்மைதான். நான் அடுத்த கூட்டம்வரை வாயை மூடியிருந்தாலும் அறிக்கை வாசிக்கும்போது அவர்கள் வேறு ஒரு வழி கண்டிருப்பார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் ‘அனுமதியின்றி’ என்ற சொல் அந்தப் புத்தகத்தில் இருந்திருக்காது. காசு கொடுத்து நிபுணரைக் கொண்டுவந்து வாசிக்கச் செய்தாலும், அனுமதி கொடுத்தவள் யார் என்று அதில் கண்டுபிடிக்க முடியாது.

கிணற்றை இரண்டு முறை இறைத்தார்கள். ஒயில் நாற்றம் போகவில்லை. சபை, நல்ல தண்ணீர் கிடைக்கும் சாட்டி என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து பவுசர் வண்டியில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது. அது பெரிய தெருவில் நிற்கும். பனங்கூடல் ஆட்களின் முறை வரும்போது பெரும்பாலும் வற்றிவிடும். அவர்கள் வீடு வீடாகக் குடத்தோடு போகத் தொடங்கினார்கள். எங்கள் வீட்டு வளவுக் கிணறு அவ்வளவு உவர்ப்பில்லை. வருகிறவர்களுக்கு மாமி அள்ளி ஊற்றுவார். மாமி இரக்கம் உள்ளவர். ஒருநாளும் இல்லை என்றதில்லை. வாளியை உயரப் பிடித்து, கீழே இருக்கும் குடத்துக்குள் ஊற்றுவார். நான் பிறந்த வீட்டிலும் அப்படித்தான் செய்தார்கள். நானும் அதைப் பார்த்தே வளர்ந்தவள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமி கோயிலுக்குப் போயிருந்தார். வாசற் படலையில் யாரோ கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தேன். பவளம். இடுப்பில் குழந்தை இல்லை, குடம்தான் இருந்தது. கந்தோரில் என்னைக் கிளாக்கரம்மா என்று கூப்பிட்டவள்.

“நாச்சியார், கொஞ்சத் தண்ணி” என்றாள்.

மேல்சாதி வீட்டு அம்மாமாரைக் கூப்பிடும் அந்தச் சொல்லால் பனங்கூடல் ஆட்கள் மாமியைத்தான் கூப்பிடுவார்கள். என்னை ஒருவரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

உள்ளே வரச் சொன்னேன். கிணற்றடிக்கு வந்து, கட்டுக்கு அப்பால் குடத்தை வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று நினைத்தேன். எந்தச் சொல்லில் தொடங்குவது என்று தெரியவில்லை.

“பிள்ளை எப்பிடி?” என்றேன்.

“கிடக்கு” என்றாள்.

கிடக்கு என்றால் என்ன, எங்கே கிடக்கு, ஆசுப்பத்திரியிலா, வீட்டிலா என்று கேட்கப் பயமாக இருந்தது. வாளியை விட்டு அள்ளினேன். எனக்கு அள்ளி ஊற்றிப் பழக்கமில்லை. மாமி செய்வதுபோல உயரப் பிடித்துச் சரித்தேன். தண்ணீர் குடத்தின் வாயில் பாதியும் வெளியில் பாதியுமாக விழுந்து மண்ணில் ஓடியது.

“நாச்சியார்” என்றாள் அவள், குடத்தையே பார்த்துக்கொண்டு. “கையைக் கொஞ்சம் பதிச்சு ஊத்துங்கோ. சிந்துது.”

வீட்டில் தூங்குகிற மகனைத் தவிர யாரும் இல்லை. வேலிக்கு அப்பாலும் யாரும் இல்லை. இன்னும் ஒரு சாண் கீழே பதித்தால் போதும். ஆனால் ஒரு சாண் பதித்தால் எங்கள் வாளி அவள் குடத்தின் வாயில் முட்டும்.

நான் பதிக்கவில்லை. இன்னும் ஒரு வாளி அள்ளினேன். பிறகு இன்னும் ஒன்று. குடம் நிறையும்வரை, சிந்துகிற தண்ணீரை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.